விக்டோரியா கொடுத்த வலை

கஞ்சிச் சட்டி சுவரில் மோதிச் சிதறியது.

"ஏளா! புது வலை எங்க?"

அடுப்படியிலிருந்து ஓடிவந்த விக்டோரியா, கணவன் கஸ்பார் நின்ற கோலத்தைப் பார்த்ததும் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நேற்றுவரை வலை மூட்டை கிடந்த மூலை வெறுமையாக இருந்தது.

"கேக்கேன்லா... எங்க?"

"கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"உங்க தம்பிக்கு."

அறை விழுந்த வேகத்தில் அவள் நெற்றி கதவு நிலையில் மோதியது. ரத்தம் புருவத்தில் இறங்கியது.

நான்கு நாளைக்கு முன் கஸ்பாரின் பழைய வலை கடலில் அறுந்து போனது. மறுநாள் காலை, அவன் மஞ்சள் வண்ணம் பூசிய மிதவைகள் தம்பி டெரன்ஸின் வள்ளத்தில் கிடந்தன. அவ்வளவுதான்! கேள்வி இல்லை, விசாரணை இல்லை. தம்பியின் வலைகளைக் கரையிலேயே குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டான். வேறு சபையைச் சேர்ந்த சாத்தான்குளத்து ஜெமிமாவைத் தம்பி கட்டிய நாளிலிருந்தே புகைந்த பகை, அன்று தீயாகவே எரிந்தது.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் டெரன்ஸின் வீடு. அங்கே மூன்று நாளாகச் சின்னப் பிள்ளை பசியில் சிணுங்குவது விக்டோரியாவுக்கு மட்டும்தான் கேட்டது.

"என் வலைய அறுத்த களவாணிக்கு எம் பொண்டாட்டியே வலை கொடுக்கா! ஊரு என்னை என்ன சொல்லும்?"

"அவன் அறுத்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. அறுத்திருந்தாலும் அவன் புள்ளையளுக்குப் பசிக்காதா?"

"அப்போ நமக்கு? அந்த வலைதாம்ளா நமக்குச் சோறு!"

"வலையா இத்தன வருசம் சோறு போட்டுச்சு? கடல்ல மீன வச்சவரு போட்டாரு... இன்னமும் அவருதான் போடுவாரு."

"பிரசங்கமா பண்ணுத?"

மறுபடி ஓர் அறை. அவள் எழுவதற்குள், மீன் கீறும் கத்தியை உருவிக்கொண்டு அவன் தெருவில் இறங்கிவிட்டான்.

"மாதாவே!" விக்டோரியா வெறுங்காலோடு பின்னால் ஓடினாள். வலை போனால் போகட்டும்... ஆனால் ஒரு வயிற்றில் பிறந்தவனை இவர் குத்திவிட்டால்?

கரையில் டெரன்ஸ் அந்தப் புது நீல வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். அண்ணன் கையில் கத்தியைப் பார்த்ததும் துடுப்பைத் தூக்கினான்.

"வா லே! அன்னைக்கு வலையக் கொளுத்துன... இன்னைக்கு என்னையும் வெட்டிப் போடு!"

துடுப்பு கஸ்பாரின் தோளில் இறங்கியது. அவன் தடுமாறி, தம்பியின் சட்டையைப் பற்றி இழுத்து மணலில் சாய்த்தான். இருவரும் உருண்டார்கள். கத்தி உயர்ந்தது... இடையில் வந்து விழுந்தாள் விக்டோரியா. முழங்கை முதல் மணிக்கட்டு வரை சதை பிளந்தது. நீல வலையில் ரத்தம் கொட்டியது.

"அக்கா!" ஜெமிமா அலறிக்கொண்டு வந்து, தன் துப்பட்டாவால் அவள் கையைச் சுற்றினாள். பிறகு கஸ்பாரைப் பார்த்து வெடித்தாள்.

"கடல்ல கெடச்ச வலைய எங்க கொண்டு போடுவிய நீங்கல்லாம்? கெபியிலதான? அங்க போய்ப் பாருங்க அத்தான்! மிதவையோட உங்க வலை மூணு நாளாக் கெடக்கு!"

மாதா சிலை நிற்கும் சிறு கற்குகையான கெபி இருபது அடி தூரத்தில் இருந்தது. கடலில் கண்டெடுத்த எவன் பொருளானாலும் அதன் காலடியில் வைப்பதும், உரியவன் வந்து எடுத்துக்கொள்வதும் அந்தக் கரையின் வழக்கம். தம்பி வலையைக் கொளுத்திய நாளிலிருந்து அந்தப் பக்கம் திரும்பாதவன் கஸ்பார். அவன் கோபத்துக்குப் பயந்து யாரும் வாய் திறக்கவும் இல்லை.

போனான். வலையின் அறுந்த முனையைக் கையில் எடுத்தான். கத்தி வெட்டென்றால் நேராக இருக்கும். இதுவோ முறுக்கிப் பிய்ந்து, கருத்த எண்ணெயில் ஊறிக் கிடந்தது. துறைமுகத்துக்குள் நுழைந்த ஏதோ ஒரு கப்பலின் விசிறி அரைத்தது... முப்பது வருடம் கடலில் கிடந்தவனுக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டுமா?

"எலே... எங்கிட்ட ஏம்ல சொல்லல?" அவன் தம்பியிடம் திரும்பி வந்தான்.

"நீ கேட்டியாண்ணே? கொளுத்திட்டுத்தான எம் மூஞ்சியப் பார்த்த? தீய அணைக்கப் போயி எரிஞ்ச கையோட போய்த்தாம்ணே ஒன் வலைய கெபியில வச்சேன்..." டெரன்ஸ் கொப்புளித்த உள்ளங்கைகளை விரித்துக்காட்டி விம்மினான்.

கத்தி மணலில் விழுந்தது. கஸ்பார் மனைவியின் காலடியில் மண்டியிட்டான்.

"விக்டோரியா... நான் பாவி..."

"எங்கிட்ட அழுது என்ன செய்ய? முதல்ல தம்பி கையப் பாருங்க."

தம்பியின் கைகளைப் பிடித்து அவற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கரையே பார்க்க அந்த முரடன் கதறினான். டெரன்ஸ் அண்ணனின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

ஆட்டோ வந்தது. ஜெமிமா விக்டோரியாவைத் தாங்கி ஏற்றினாள். கஸ்பாரும் ஏறக் கால் வைத்தான்.

"நீங்க எங்க வாரிய?" விக்டோரியா மற்றக் கையால் தடுத்தாள். "கொப்புளம் போட்ட கையோட அவன் எப்படி வலை இழுப்பான்? எம்மேல ஓங்குன கை இன்னைக்கு அவனுக்காக இழுக்கட்டும். இனி எம்மேல ஓங்காதுன்னா, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அவன் வைத்த காலைக் கீழே இறக்கினான்.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க," என்றாள் அவள்.

ஆட்டோ நகர்ந்தது. கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, தம்பியின் வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளத் தோள் கொடுத்தான்.