வலப்பக்க வில்

எந்தக் கருவின் படமாக இருந்தாலும் இரத்த ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பதே டாக்டர் மங்கையர்க்கரசியின் வழக்கம். குருத்தெலும்பு, தசை, நரம்பு அனைத்தையும் ஒளித்திரையிலிருந்து அகற்றிவிடுவார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, இருட்டில் தனித்து நிற்கும் சிவப்புக் கிளைகளைக் கண்குளிரப் பார்ப்பார். "இப்பதான் தெளிவா இருக்கு" என்பார். தூத்துக்குடிக் கருநலக் கூடத்தில் அவரிடம் பயின்ற எல்லோரும் அவ்வாறே பார்க்கப் பழகியிருந்தார்கள்.

அந்தக் கிளைகளின் கதை விந்தையானது. கரு ஒரு மொச்சையளவுகூட இல்லாத பருவத்தில், இதயத்திலிருந்து தமனி வில்கள் இருபுறமும் இணை இணையாக முளைக்கின்றன. தேவைக்கு மேல் வாய்க்கால்களை வெட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாதவற்றை இயற்கையே தூர்த்துவிடுகிறது. பெரும்பாலும் வலப்பக்கப் பாதை தேய, இடப்பக்க வில் பெருந்தமனியாக நிலைக்கும். சில கருக்களில் இரண்டுமே நிலைத்து, மூச்சுக்குழாயை வளையம்போல் இறுக்கிவிடும்.

அத்தகைய குழந்தைகளைக் காப்பதற்காகவே மங்கையர்க்கரசி வில்சீராக்கியைப் படைத்தார். தாயின் வயிற்றின்மேல் வைக்கப்படும் அக்கருவி, வேண்டாத வில்லை நுண்ணொலியால் வாடச் செய்தது. குழந்தைகள் பிழைத்தன. நாளடைவில், எந்தத் தொல்லையும் தராமல் வலப்பக்க வில் மேலோங்கிய கருக்களிலும் அதை வாட்டி, இடப்பக்க வில்லை வளர வைக்கத் தொடங்கினார்கள். பிறழ்வே இல்லாத பிள்ளை வேண்டுமென்று பெற்றோரும் கேட்டார்கள். அப்படிச் சீராக்கப்பட்ட பிள்ளைகள் சாதுவானவர்கள், வகுப்பில் சத்தமே போடுவதில்லை என்று பள்ளிகளும் பாராட்டின.

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறும் ரோஸ்லினால் மட்டும் பாராட்ட முடியவில்லை. சீராக்கப்பட்டுப் பிறந்த அவள் மகள் அமலியின் பேச்சு வெறும் காற்றாகவே வெளிவந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவள் முறையிட வந்தபோது, உடன்வந்த துறைமுகப் பெண்கள் முன்னிலையில் மங்கையர்க்கரசி, "நீ ஏலத்துல கத்துறதப் பாத்து அதுவும் கத்தித் தொண்டயப் புண்ணாக்கியிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றுமுதல் ரோஸ்லின் வீட்டுக்குள் உரக்கப் பேசியதே இல்லை.

இப்போது அவள் வயிற்றில் இரண்டாவது கரு. திரையில் அதன் வில்லும் வலப்பக்கமே வளைந்திருந்தது.

"இன்னைக்கே மாத்திரலாம்" என்றார் மங்கையர்க்கரசி.

"வேண்டாம் டாக்டரம்மா."

"கொஞ்ச நேர வேலை ரோஸ்லின். வலிக்கக்கூடச் செய்யாது."

"மூத்தவளுக்கும் இதத்தான சொன்னீக. அவளுக்குச் செஞ்சத மொதல்ல போட்டுக் காட்டுங்க. பெறகு பாப்போம்."

மங்கையர்க்கரசி அமலியின் பதிவை ஓடவிட்டார். வலப்பக்க வில் நூலாக இளைத்து மறைய, இடப்பக்க வில் பருத்து எழுந்தது. "எவ்வளவு அழகா மாறியிருக்கு பாரு."

ரோஸ்லின் நெடுநேரம் பார்த்தாள். "ஏன் டாக்டரம்மா, எம்பிள்ளைக்குள்ள ரத்தத்தத் தவிர வேற ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. மறைச்சு வச்சிருக்கேன். எல்லாம் தெரிஞ்சா குழப்பும்."

"குழப்பட்டும். தெறந்து காட்டுங்க."

அவளைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தோடுதான் மங்கையர்க்கரசி நரம்புகளைத் திரையில் சேர்த்தார். கழுத்து வழியாக இறங்கிய குரல்நரம்பு, வலப்பக்க வில்லின் அடியில் வளைந்து மீண்டும் தொண்டைக்கு ஏறிக்கொண்டிருந்தது. சீராக்கியின் ஒலி பட்டதும் வில் வாடியது. வாடிய இடத்தில் உண்டான தழும்பு நரம்பைச் சேர்த்து இறுக்கியது.

அவர் மறுபடி ஓட்டினார். வேறு குழந்தைகளின் பதிவுகளை எடுத்தார். வில்லை இடம் மாற்றிய ஒவ்வொன்றிலும் அதே முடிச்சு. மூச்சை நெரித்த வளையத்தை அவிழ்க்கப் பிறந்த கருவி, குரலுக்குச் சுருக்கிட்டிருந்தது. பள்ளிகள் பாராட்டிய சாதுத்தனம் இதுதான்.

"உன் சத்தம் காரணம் இல்லம்மா" என்றார் அவர். "வயித்துப் பிள்ளையோட வில்லு இப்பிடியே இருக்கட்டும். இனி மூச்ச நெரிக்கிற வளையத்துக்கு மட்டும்தான் கருவி, அதுவும் நரம்பப் பாத்து. அமலிக்கு அந்தத் தழும்ப விலக்கிப் பாக்கலாம். முழுக்கொரலும் வரும்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் வரும். மத்த பிள்ளைகளையும் கூப்பிட்டு அனுப்புதேன்."

ரோஸ்லின் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "செய்ங்க. ஆனா அன்னைக்கு எங்க ஆளுக முன்னால வச்சுல்லா சொன்னீக. பெத்தவளே பிள்ள தொண்டயக் கெடுத்தான்னு இன்னமும் பேசுதாக. இத எங்கிட்ட மட்டும் சொன்னா எப்பிடி?"

மறுநாள் காலை, சீலாமீன் குவியலின் முன்னே ஏலத்தைப் பாதியில் நிறுத்தினாள் ரோஸ்லின். ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் மங்கையர்க்கரசி ஏறி நின்றார். "ரோஸ்லின் மேல ஒரு குத்தமும் இல்ல. அமலி தொண்டயக் கெடுத்தது நானும் என் கருவியும்தான்."

"யாரது, சீலாவுக்கு வெல கேக்குறது?" என்று பின்னாலிருந்து ஒரு வியாபாரி கேட்டார். "ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்கம்மா."

ரோஸ்லின் நினைத்திருந்தால் அதை ஒரே மூச்சில் துறைமுகம் முழுவதும் கேட்கச் செய்திருக்கலாம். அவள் பேசாமல் நின்றாள். மங்கையர்க்கரசி இரு கைகளையும் வாயருகே குவித்து, தொண்டை கமற, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.