தூசிக்கண்ணில் ஒரு பொட்டு

காற்றுவண்டி மணியடித்துவிட்டுப் போயிருந்தது. தணிகாசலம் வாசலில் இருந்த காற்றுக்குடுவைகளை உள்ளே தூக்கிவந்து, ஒன்றின் மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தான்.

"இன்னிக்கும் கலப்படம் பண்ணிட்டானுங்க. மூச்சு இழுத்தா நெஞ்சுல நிக்கவே மாட்டேங்குது."

செவ்வாய்க் கிரகத்தின் கண்ணாடிக் குமிழூர்களில் எல்லா வீட்டிலும் பொழுது இந்தப் புலம்பலோடுதான் விடியும். பூமியில் பாலை முகர்ந்து புலம்பியவர்களின் வாரிசுகள் வேறு எப்படி இருப்பார்கள்?

அவன் மனைவி குமுதவல்லி கொட்டகையில் இருந்தாள். வண்டியின் திறந்துகிடந்த எஞ்சின் அறைக்குள் தலையை நுழைத்திருந்தாள். அடுத்த குமிழூரில் மகள் மதிவதனிக்கு இன்றோ நாளையோ பிரசவம். மாலையில் புழுதிப்புயல் தொடங்கும் என்று அறிவித்துவிட்டார்கள். புயல் வந்தால் ஊர்வாசல் மூடிவிடும். மறுபடி திறக்க மாதக்கணக்கில் ஆகும். போவதென்றால் இன்றே போக வேண்டும்.

பழுதான குளிர்நீர் பம்பை மாற்றப் பட்டறையில் இடம் கிடைக்கவில்லை. நேற்று அவளே வீட்டில் மாற்றிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தருகிறவள் அவள். அதுவரை ஒரு பம்பைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் வேலை முடிந்தபோது ஒரு திருகாணிகூட மீதியில்லை. தணிகாசலம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அவனுக்குக் குடுவை மூடியே ஒழுங்காகத் திறக்க வராது.

காலையில் எழுந்ததுமே எஞ்சினை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஓசை அருமையாக வந்தது. கூடவே மஞ்சள் விளக்கும் எரிந்தது. 'எஞ்சின் அறையில் புழுதி' என்றது திரை. மஞ்சள் விளக்கு எரியும் வண்டிக்கு ஊர்வாசல் திறக்காது. நடுவழியில் எஞ்சின் நின்றால் அப்புறம் காற்றுக்கு எங்கே போவது?

"பேசாம விளக்கு மேல ஒரு கறுப்புத் தாளை ஒட்டிடலாமா?" என்றான் தணிகாசலம்.

"உங்க வாய் மேல ஒட்டறேன். நான் கை வச்ச இடத்துலதான் ஏதோ கோளாறு. அங்கேருந்தே பார்த்துட்டு வரேன்."

பார்த்தாள். பதறாமல், ஒவ்வொன்றாக. மின்கம்பிகளைக் கழற்றி மறுபடி சொருகினாள். மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவி, பிளவு இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு ஒரு வெள்ளைத் துணியால் அறையின் மூலைமுடுக்கெல்லாம் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"புழுதியே இல்லை. ஆனா இருக்குன்னு சொல்லுது. அப்போ கோளாறு அறையில இல்லைங்க, பார்க்கிற கண்ணுலதான்."

எத்தனை எளிமையான யோசனை! பட்டறைக்காரர்களாக இருந்தால் எஞ்சினையே கழற்றிப் போட்டிருப்பார்கள். பம்பின் பக்கத்தில் புழுதியைப் பார்த்துச் சொல்லும் தூசிக்கண் இருந்தது. சுண்டுவிரல் நகமளவு வட்டக் கண்ணாடி. விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். அதன் நடுவில் சிவப்பாக ஒரு குங்குமப்பொட்டு.

செவ்வாயின் புழுதியும் சிவப்பு. பாவம், அந்தக் கண் என்ன செய்யும்?

"என்னங்க இது?"

தணிகாசலம் தலையைச் சொறிந்தான். "நேத்து நீ தூங்கப் போனப்புறம் வச்சேன். நீயா பண்ண வேலை, கண்ணு படக் கூடாதேன்னு. வட்டமா இருந்துச்சா, பம்போட நெத்தின்னு நெனச்சுட்டேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்."

குமுதவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பொட்டைத் துடைத்தாள். விளக்கு அணைந்தது. அதே ஆத்திரத்தில் வண்டியின் முகப்பில் காலங்காலமாக இருந்த பொட்டையும் அழுத்தித் துடைத்தாள்.

"இனிமே என் வண்டியில பொட்டு கிட்டுன்னு பேச்சே கூடாது."

ஊர்வாசலில் இருந்தது ஒரு காவல் இயந்திரம். யாரும் அதற்குச் சட்டதிட்டம் எழுதித்தரவில்லை. போய்வரும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே தொழில் கற்றுக்கொண்டது. அது வண்டியைச் சுற்றிவந்தது. தொலைவில் வானம் பழுப்பாகத் தொடங்கியிருந்தது.

"விளக்கு எரியலைங்க, எஞ்சினும் நல்லா இருக்கு. ஆனா போக முடியாதுங்க அம்மா. வண்டி நெத்தியில பொட்டு இல்லை."

"பொட்டா? உனக்கு யாரு சொன்னது?"

"நானா கத்துக்கிட்டதுங்க. இந்த வாசல்ல பத்திரமாப் போய்த் திரும்பின எல்லா வண்டியிலயும் பொட்டு இருந்துச்சு. பொட்டில்லாம போய்த் திரும்பினதா ஒரு வண்டிகூட இல்லை."

"சரி, பொட்டில்லாம ஒரு வண்டியாவது இந்த வாசலைத் தாண்டியிருக்கா?"

இயந்திரம் யோசித்தது. "இல்லைங்க."

"அப்போ பொட்டுக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தம்னு எப்படிச் சொல்ற?"

இயந்திரம் இன்னும் கொஞ்சம் யோசித்தது. நியாயம் தெரிந்த இயந்திரம்தான். "நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க அம்மா. சம்பந்தமே இல்லை."

கதவு திறக்கவில்லை.

"இருந்தாலும்..." என்று இழுத்தது இயந்திரம், "எதுக்கும் இருக்கட்டுமேங்க."

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினான். குமுதவல்லி அவனை முறைத்துவிட்டு, வாங்கிக்கொண்டு இறங்கி, வண்டியின் முகப்பில் ஒரு பொட்டு வைத்தாள். கதவு திறந்தது.

வெளியே பழுப்பு வானமும் மகள் வீடுவரை நீளும் வெற்றுவெளியும் தெரிந்தன. ஏறப்போனவள் நின்றாள். எஞ்சின் மூடியைத் திறந்து, பம்பின் மேலும் ஒரு பொட்டு வைத்தாள், கண்ணில் படாமல், வெகு கவனமாக.