மஞ்சள் அறையில் ஒரு நீலப் பெட்டி

"நாளைக்குக் காலைல என்னை வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க, ஹெல்வி."

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆவுனே சொன்னாள். தம்பரே நகரத்து ஒளியியல் ஆய்வு நிலையத்தில் பதினோரு வருடம் உழைத்தவள். இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்த அவளுடைய சிலிக்கான் தட்டு, அதை வைத்திருந்த புதுப் பெட்டியோடு மாயமாகியிருந்தது.

"நானே திருடி வெளிய வித்துட்டேனாம். பார்த்தேன்னு சொல்றது யார் தெரியுமா? வெய்க்கோ! கூட வேலை செய்யறவன், என் மகளுக்கு ஞானத்தகப்பன்!"

ஹெல்வியின் கணவர் உர்ஹோ துள்ளி எழுந்தார். மனைவி போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தேடி வரும் ஒவ்வொரு வழக்கும் அவருக்குத் திருவிழாதான்.

"பாவிப்பய! என்ன பார்த்தானாம்?"

"வாசல்ல நின்னு ஜன்னல் வழியா பார்த்தானாம். நீலப் பெட்டியை எடுத்து நான் அங்கிக்குள்ள செருகினேனாம். என் பெட்டி கறுப்பு! புளுகறதையாவது ஒழுங்கா புளுகக் கூடாதா?"

"புதுப் பெட்டியோட உறையைப் பிரிச்சது எங்கே?" என்று கேட்டாள் ஹெல்வி.

"மஞ்சள் அறைக்குள்ளதான். வெளிய பிரிச்சா தூசி ஏறிடும். அப்புறம் அது வெளிய வரவே இல்லை."

"பெட்டி அனுப்பற கடை நம்பர் கொடு."

"கடை நம்பர் எதுக்கு?" என்று முணுமுணுத்தார் உர்ஹோ.

மறுநாள் காலை, நிலையத்தில் மஞ்சள் அறையின் ஜன்னலோரம் ஹெல்வியோடு இயக்குநர் கையாவும் ஆவுனேயும் வெய்க்கோவும் நின்றார்கள். உள்ளே வெள்ளை அங்கியில் உர்ஹோ ஒரு ரிப்பனை ஆட்டினார். வெள்ளை வெளிச்சம் பட்டால் தட்டின் பூச்சு பாழாகும். அதனால் அங்கே மஞ்சள் விளக்கு மட்டுமே.

"அந்த ரிப்பன் என்ன நிறம்?" என்று கேட்டாள் ஹெல்வி.

"கறுப்பு" என்றார் கையா.

உர்ஹோ வெளியே வந்தார். ரிப்பன் பளிச்சென்ற நீலம்.

"அந்த வெளிச்சத்துல நீலம் கறுப்பாத்தான் தெரியும்" என்றாள் ஹெல்வி. "ஜன்னல் வழியா நீ எப்படி நீலம்னு பார்த்தே, வெய்க்கோ?"

"பெட்டி நீலம்னு... முன்னாடியே தெரியும்."

"எப்படித் தெரியும்? கடையில கேட்டேன். கறுப்பு தீர்ந்துபோய், இந்த ஒரு தடவைதான் நீலம் அனுப்பினாங்களாம். உறை மேல வெறும் எண்தான். சொந்தக்காரிக்கே அது கறுப்புப் பெட்டி. அதை வெளிய கொண்டுவந்து வெள்ளை வெளிச்சத்துல பார்த்தவனுக்குத்தான் அது நீலம்."

நுணலும் தன் வாயால் கெடும். வெய்க்கோவின் முகம் சுண்டிப்போனது.

"வீட்டுலதான் இருக்கு. விக்கல" என்றான் கடைசியில், ஆவுனேயிடம். "பிரிவுத் தலைவர் பதவி ஒண்ணுதான். நீ இருக்கறவரை எனக்கு வராது."

கையா வேலைநீக்கக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். உர்ஹோ மகிழ்ச்சியோடு திரும்பினார். ஆவுனேயின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"பதவிக்கு ஆள் கேட்டப்போ உன் பேரைத்தான்டா எழுதிக் கொடுத்தேன்" என்றாள் ஆவுனே. "அவங்களையே கேளு."

வெய்க்கோ இயக்குநரைப் பார்த்தான். கையா மெல்லத் தலையசைத்தார்.