ஊசிக்கரட்டில் திரும்பிப் பார்க்காதவர்கள்

பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஊசிக்கரடு தெரியும். பெரிய மலை இல்லை, ஒரு மத்தியானத்தில் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் கார்த்திகை மாதத்தில் மேகம் வந்து உச்சியில் உட்கார்ந்துகொண்டால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது.

தீபத்தன்று அந்த உச்சியில் விளக்கு ஏற்றுவது தோட்டக்காரர் தம்பிதுரை. எங்கள் ஆட்கள் அவரை எஜமான் என்ற பொருளில் பண்ணாடி என்பார்கள், நான் சொல்வதில்லை. எண்ணெய் டின்னைச் சுமந்துகொண்டு பின்னால் போவது எங்கள் குடும்பம். ஏறும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு வழக்கம். பார்த்தால் மழை போய்விடுமாம்.

இந்தப் பாழாய்ப்போன வழக்கத்துக்குத்தான் என் அப்பா ஐயாசாமி செத்தார். தொண்ணூற்றாறில் மொட்டைப்பாறையில் கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தார். டின் மட்டும் பாறைமேல் பத்திரமாக இருந்தது. தம்பிதுரையும் அவர் மகன் சுரேந்தரும் அதை எடுத்துப்போய் விளக்கை ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் அப்பாவைத் தேடினார்கள். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று போலீஸிடம் சொன்னார்கள். ஊரும் தலையாட்டியது.

அடுத்த வருஷம் டின்னை நானே தூக்குகிறேன் என்றேன்.

"எதுக்கு கண்ணு அங்க போறே?" என்று அம்மா பாவாத்தாள் அழுதாள்.

"அப்பா கூப்பிட்டது காதுல உழுந்துச்சா இல்லையான்னு அவரு வாயால கேக்கோணும்மா."

அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அடிவாரத்தில் உன்னிப்புதர்கள், அதற்குமேல் கருங்கல் படிகள், படிகள் முடிந்ததும் மொட்டைப்பாறை. கால் வைக்க வெட்டிய குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. முதலில் தம்பிதுரை, அடுத்து சுரேந்தர், கடைசியில் நான். கீழே நல்ல வெயில். பாறையில் கால் வைத்ததும் மேகம் இறங்கி எங்களை மூடிக்கொண்டது. காற்று நின்றுவிட்டது. ஈரக்கல்லும் அழுகிய இலையும் நாறின.

"ஏனுங்க, போன வருசம் எங்கப்பா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"ஒண்ணுமே கேக்கலை அம்மணி. கேட்டிருந்தா உட்டுப்போட்டுப் போவனா?"

தம்பிதுரை வாயில் அந்தப் பாசமான 'அம்மணி'யைக் கேட்டதும் டின்னை அவர் தலையில் போட்டுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

"ஏனுங்..."

எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

கடைசியாக ஏறியவள் நான்.

"ஏனுங் பண்ணாடி... கால் வழுக்குதுங்க. ஒரு கை குடுங்க."

அப்பாவின் குரல். உயிர் போகிற நேரத்திலும் மரியாதை குறையாத குரல்.

சுரேந்தர் நின்றுவிட்டார். தம்பிதுரை முன்னால் பார்த்தபடியே முணுமுணுத்தார்.

"திரும்பாதே சுரேந்தரு. நட. போன வருசமும் இப்படியேதான் கூப்பிட்டான்."

ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கிறது. கைநீட்டினால் எட்டும் தூரத்தில் தொங்கியிருக்கிறார் என் அப்பா. மழைக்காக நடந்தார்களாம், மழைக்காக!

நான் திரும்பினேன்.

யாரும் இல்லை.

கீழ்க்குழியில் இருந்த தண்ணீர் தெறித்தது. பிறகு அடுத்த குழியில். பிறகு என் காலடியில்.

"அப்பா," என்றேன்.

நிற்கவில்லை. என்னைத் தாண்டி, சுரேந்தரையும் தாண்டி, தண்ணீர் மேலே மேலே தெறித்துக்கொண்டு போனது.

தம்பிதுரையின் வலது கை மெல்லப் பின்பக்கமாக நீண்டது. ஒரு ஆள் பிடித்துத் தொங்குவதுபோல் தோள் இறங்கியது.

"கையை உடச் சொல்லு அம்மணி... உடச் சொல்லு..."

"திரும்பிப் பார்த்து நீங்களே சொல்லுங்க."

கழுத்து நரம்பு புடைக்க நின்றார். அப்போதும் திரும்பவில்லை. நான் டின்னைப் பாறையில் வைத்துவிட்டுத் தனியாக இறங்கிவந்தேன். அன்று உச்சியில் விளக்கு எரியவில்லை.

கோயமுத்தூர் டாக்டர்கள் தம்பிதுரைக்கு எலும்பிலும் நரம்பிலும் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் நீண்டிருக்கிறது. குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறாராம்.

தை பிறந்ததும் சுரேந்தர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். முதல்முறையாக வந்தார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"கயலு, உங்கப்பாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னாக் கேப்பாரு."

எங்கப்பாவை மரியாதையாகக் 'கேப்பாரு' என்று சொல்ல இவர்களுக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

"சொல்ல மாட்டனுங்க," என்றேன். "அன்னிக்கு உங்க காதுலயும்தான உழுந்துச்சு?"

அவர் போகத் திரும்பினார். வாசலில் இலை அசையவில்லை. அவர் கையை மூடியிருந்த துண்டு மட்டும் பின்பக்கமாக இழுபட்டு விறைத்து நின்றது.

அவர் திரும்பிப் பார்க்காமலே நடந்தார்.