முடி அடரும்வரை

பட்டியைத் திறந்ததும் ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே ஓடின. வெள்ளைப் பெட்டை ஒன்று மட்டும் சுவரோரம் படுத்தே கிடந்தது. எசென்பெக் அதைப் பூட்ஸ் காலால் தள்ளினான். முன்னங்கால்களை ஊன்றிப் பார்த்தது. பின்பக்கம் எழவில்லை. குனிந்து பார்த்தான். பின்னங்கால் இரண்டிலும் குதிநரம்பு அறுந்திருந்தது. கழுத்தில் கடியில்லை, வயிறு கிழியவில்லை. வாயருகே ஒரு பிடி ஈரப் புல், வேரோடு பிடுங்கியது.

உள்ளே மனைவி துர்சுனாய் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அந்த வெள்ளைக்கு நீயா புல்லு போட்டே?”

“நான் பட்டிப் பக்கமே போகல. ஏன், என்னாச்சு?”

“கம்பியில கால அறுத்துக்கிட்டுக் கெடக்கு.”

“ரெண்டு காலையுமா?”

அவன் ரொட்டியைப் பிய்த்தான். அது கம்பி வேலை அல்ல என்று அவனுக்குத் தெரியும். அந்த வெட்டு அவனுக்குப் பழகிய வெட்டு.

போன குளிர்காலத்தில் ஓநாய்கள் அவன் மந்தையில் பாதியைத் தின்றுவிட்டன. தின்றதைவிடக் கடித்துப் போட்டதுதான் அதிகம். பனி உருகியதும் ஆத்திரத்தில் துப்பாக்கியைத் தூக்கியவனை வேட்டை ஆய்வாளர் வழிமறித்தார். இனி அடுத்த குளிர்காலத்தின் முதல் பனி விழுந்த பிறகுதான் ஓநாயைச் சுடலாமாம். அதற்கு முன்னால் ஒரு தோட்டா வெடித்தாலும் துப்பாக்கி பறிபோகுமாம். ஓநாய்க்கு மட்டும் பருவமும் கிடையாது, சட்டமும் கிடையாது.

சரி, சட்டத்தை மீறாமலே செய்வோம் என்று வசந்தத்தில் துர்சுனாயின் அண்ணன் கதீரைக் கூட்டிக்கொண்டு சிவப்புப் பாறைக் குகைக்குப் போனான். தாய் ஓநாய் இரை தேடப் போயிருந்தது. உள்ளே குட்டிகள், கண் திறந்து சில நாட்களே ஆனவை. கொன்றால் பிஞ்சுத் தோல், காசுக்கு உதவாது. அந்தப் பக்கத்து மேய்ச்சல்காரர்களுக்கு வேறொரு வழி தெரியும். கதீர் பிடித்துக்கொள்ள, எசென்பெக் ஒவ்வொன்றுக்கும் பின்னங்கால் நரம்பை அறுத்தான். இனி அவை குகையை விட்டு நகரா. தாயும் அவற்றை விட்டுப் போகாது. கோடை முழுக்க இறைச்சி கொண்டுவந்து ஊட்டும். பனி விழும்போது குட்டிகள் வளர்ந்திருக்கும், குளிர்காலத் தோல் தேறியிருக்கும், ஒரு தடி போதும்.

“கூலியில்லாம ஆள் வெச்சு வளக்குற மாதிரி, மச்சான்!” என்று கதீர் சிரித்தான்.

எசென்பெக் கடைசிக் குட்டியின் கழுத்து முடியில் வாய் வைத்து ஊதினான். தோல் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். முடி விலகி அடித்தோல் தெரிந்தால் தோல் இன்னும் தேறவில்லை. “இன்னும் அடரணும்” என்று சொல்லிக் கீழே போட்டான். அது கத்தவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது இலையுதிர் காலம் முடியப் போகிறது. பனிதான் வரவில்லை. துப்பாக்கி ஊரில் கதீர் வீட்டில் இருக்கிறது. முதல் பனியன்று வண்டியும் துப்பாக்கியுமாக வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

மறுநாள் காவல் நாய் அக்தோஷ் வாசலில் கிடந்தது. எசென்பெக்கைக் கண்டதும் வாலை ஆட்டியது, எழவில்லை. அதன் மூக்கருகே ஒரு முயல், பாதி மென்று துப்பியது. அவ்வளவு பெரிய நாய், ஊரையே நடுங்க வைக்கும் குரல், ஒரு முறைகூடக் குரைக்கவில்லை.

“ஆட்டுக்குப் புல்லு, நாய்க்குக் கறியா?” துர்சுனாயின் முகம் வெளுத்திருந்தது. “யாருங்க இது?”

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு” என்று சிரிக்கப் பார்த்தான்.

“வீட்டுக்குள்ள அதோட பேரச் சொல்லாதீங்க! குதிரையப் பூட்டுங்க, ஊருக்குப் போயிரலாம்.”

“மந்தைய யாரு பாப்பா? உங்கண்ணனா?”

“அப்ப போயி அந்தக் குட்டிகளையாவது கொன்னுட்டு வாங்க. பாவம், அதுகளுக்காச்சும் விடியட்டும்.”

“பனி விழட்டும். தோல் வீணாயிரும்.”

“தோலாம் தோலு! நம்ம தோல் மிஞ்சுதான்னு மொதல்ல பாருங்க.”

அவள் அழத் தொடங்கியதும் அவன் தடியை எடுத்துக்கொண்டு குதிரையேறினான்.

குகைக்கு வெகு தூரத்திலேயே குதிரை நின்றுவிட்டது. இறங்கி நடந்தான். காற்றில் அழுகல் வாடை, காய்ந்த புழுக்கை வாடை, ஈர ரோமத்தின் வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் அவன் வீட்டு அடுப்பில் எரியும் வறட்டிப் புகையின் வாடை மெல்லியதாகக் கலந்திருந்தது. அதுதான் அவனை உறைய வைத்தது. குகை காலி. தரை எலும்பால் நிறைந்திருந்தது. வாசலிலிருந்து புழுதியில் அகலமான தடங்கள் கிளம்பின. பாதத் தடங்களல்ல. முன்னங்கால் நகங்களால் மண்ணைப் பற்றிப் பற்றி, பின்னுடலை மூட்டையாக இழுத்துப் போன தடங்கள். பழைய தடம் மேல் புதுத் தடம். ஒரே திசை.

அவன் வீடு.

குதிரையை அடித்து விரட்டினான். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. புகைபோக்கியில் புகை இல்லை. ஆடுகள் மேய்ச்சலில் ஆங்காங்கே படுத்திருந்தன. எல்லாமே படுத்திருந்தன. ஒவ்வொன்றின் வாயருகிலும் ஒரு பிடி புல்.

கதவு திறந்திருந்தது.

“துர்சுனாய்!”

“இங்கதாங்க இருக்கேன்.” மிகத் தாழ்ந்த குரல். அடுப்போரம் கிடந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. “எந்திரிக்க முடியல. உள்ள வராதீங்க. ஓடிருங்க.”

வெளியே குதிரை அலறியது. விழுந்தது.

சர்ர்.

கட்டிலடியில் ஏதோ நகர்ந்தது.

சர்ர். சர்ர்.

அலமாரிக்குப் பின்னால். கம்பளக் குவியலில். அவன் ஓடியிருக்கலாம். மனைவியைப் பார்த்து ஒரே ஒரு அடி உள்ளே வைத்தான்.

குதிகாலில் சூடு. முதலில் வலது. பிறகு இடது.

அதன் பிறகு பொழுது எப்படிப் போனதென்று அவனுக்குத் தெரியவில்லை. தாய் ஓநாய் போகும், வரும். வந்ததும் முதலில் துர்சுனாயின் முன், பிறகு அவன் முன் வயிற்றிலிருந்து கறியைக் கக்கும். வெதுவெதுப்பான கறி. முதலில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பசி முற்றியதும் தின்றார்கள். வளர்ந்த குட்டிகள் குளிருக்கு அவர்கள் மேல் சாய்ந்து தூங்கின. அவன் கதவை நோக்கி ஊர்ந்தால், தாய் சட்டையைக் கவ்வி மெல்ல இழுத்து வந்து பழைய இடத்தில் போடும்.

வெளியே அக்தோஷ் சில வேளை முனகும். கதீரின் வண்டிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

தினமும் தாய் ஓநாய் ஒரு முறை அவன் தாடியில் மூக்கை வைத்து ஊதும். சூடான மூச்சில் முடி விலகும். உற்றுப் பார்க்கும். பிறகு இரை தேடப் போய்விடும்.

இன்று விடிந்தபோது அறைக்குள் வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. மிக வெள்ளையாக. வாசற்படியில் பனி விழுந்துகொண்டிருந்தது. துர்சுனாய் கண்ணை மூடிக்கொண்டாள். குட்டிகள் விழித்தன.

தாய் வந்தது. தாடியில் ஊதியது. உற்றுப் பார்த்தது.

இன்று அது இரை தேடப் போகவில்லை.