சைடு ஏ-யில் ஒரு தாலாட்டு

முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் வல்லம் வடகால் முனையில் இறக்கிவிட்டபோது மணி மூன்றரை. அம்சவல்லி நேராகப் புது வாடகை வீட்டுக்கு வந்தாள். சாமான்களை முந்தின நாள்தான் இறக்கியிருந்தாள்.

முன்னறை ஒரு காலத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. சுவர் முழுக்கக் கேசட் அடுக்கும் மரச்சட்டங்கள் இன்னும் இருந்தன. வெளியே வெயில் கொளுத்தியும் உள்ளே வெளிச்சம் பாதிதான் வந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை ஒன்று மூலையிலேயே நின்றது.

பெட்டியிலிருந்து டேப்ரெக்கார்டரையும் ஒரே ஒரு கேசட்டையும் எடுத்தாள். அக்கா மஹாலட்சுமியின் குரல் உலகத்தில் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான். அம்சவல்லிக்குக் கவிப்பிரியா பிறந்தபோது அக்காவே கட்டிப் பாடிய தாலாட்டு. அடுத்த வருஷமே அக்கா போய்விட்டாள். இப்போது காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள், "அதப் போன்ல ஏத்தி அனுப்பும்மா" என்று கேட்டிருந்தாள்.

பட்டனை அழுத்தினாள்.

"லாரியெல்லாம் தூங்கப் போச்சு, லட்டு நீயும் தூங்கு..."

அடுத்த வரி வரவில்லை. வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், காதோடு சொல்வதுபோல்:

"ரெடி. பாடுங்க."

அந்தக் கேசட்டில் அப்படி ஒரு குரல் இருந்ததே இல்லை.

அம்சவல்லி ஓடிப்போய்ப் பக்கத்து வாசலில் வீட்டுக்காரம்மா முனியம்மாளைக் கேட்டாள்.

"எங்க கொழுந்தனாரு சபாபதிம்மா," என்று கிழவி குரலைத் தாழ்த்தினாள். "அவரு கடைதான் அது. சிடி வந்துச்சு, அப்பால போனு வந்துச்சு, ஒருத்தனும் அந்தப் பக்கம் வரல. கதவ சாத்திக்கினு உள்ளயே இருந்தாரு. உள்ளயே போய்ட்டாரு. குரல்னா வுடமாட்டாரும்மா. நீ வேற வூடு பாத்துக்க."

"மூணு வூடு மாறிட்டேன்," என்றாள் அம்சவல்லி. "போறதுன்னா அவரு போவட்டும்."

திரும்பி வந்து மறுபடி போட்டாள். இந்த முறை டேப்ரெக்கார்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா பாடத் தொடங்கினாள்.

டக்.

சிவப்பு ரெக்கார்டு பட்டன் தானாகக் கீழே இறங்கியது.

அம்சவல்லி பாய்ந்து நிறுத்தினாள். அதற்குள் இன்னொரு வரி அழிந்திருந்தது.

பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பினாள். முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் யாராலும் எதையும் பதிய முடியாது. கத்தி முனையால் இரண்டையும் நெம்பி உடைத்தாள்.

மறுபடி போட்டாள்.

டக்.

பட்டன் இறங்கவில்லை.

டக். டக். டக்.

டேப்ரெக்கார்டரே ஆடியது. மரச்சட்டங்கள் படபடத்தன. பிளாஸ்டிக் வாசனை மூச்சை அடைத்தது.

"எங்க அக்கா குரலு அது!" என்று கத்தினாள். "ஒங்கள யாரும் தேடி வரலன்னா அதுக்கு எங்க அக்கா இன்னா பண்ணுவா? ஒரு வரி குடுக்க மாட்டேன்!"

டக்... டக்...

நின்றது.

அக்கா மிச்சத்தை முழுசாகப் பாடி முடித்தாள். அதை அம்சவல்லி போனில் பிடித்துக்கொண்டாள். அழிந்துபோன இரண்டு வரிகள் அவளுக்கு மனப்பாடம். அந்த அறை நடுவிலேயே நின்று, யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று உரக்கப் பாடினாள்.

மறுநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அந்த இரண்டு வரிகளைத் தானே பாடிப் பதிந்து, அக்காவின் பாட்டோடு சேர்த்து மகளுக்கு அனுப்பினாள். கவிப்பிரியா உடனே கூப்பிட்டாள். அழுதிருந்தாள்.

"பெரியம்மா குரல் சூப்பர்மா. நீ பாடினதுதான் இன்னும் நல்லாருக்கு. ஆமா, நீ பாடறப்ப ஒன் பக்கத்துல யாரு தாளம் போடறாங்க?"

ஒரகடம் சிக்னல். இன்ஜின் அணைந்து பஸ் அசையாமல் நின்றிருந்தது. அம்சவல்லி பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.

காலி.

எழுந்து வேறு சீட்டுக்குப் போகவில்லை.

"பெரியம்மா குரல இனிமே தொடமாட்டாரு," என்றாள் மகளிடம். "இரு, இன்னொரு தபா பாடறேன்."

போனை நிமிர்த்தி ரெக்கார்டை அழுத்தினாள்.

காலி சீட்டின் கம்பியில், அவள் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்பே, தாளம் ஆரம்பித்தது.