உள்ளேன்

டீச்சர் அவள் பெயரைக் கூப்பிட்டபோது, மைக்கைத் திறக்க விரல் நகர்வதற்குள்ளேயே, "உள்ளேன் டீச்சர்" என்று ஹெட்போனில் அவளுடைய குரல் கேட்டது.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். வகுப்பில் அவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பட்டப்பெயர். வாயே திறக்காதவளுக்குப் பதிலாக எவளோ திறந்திருக்கிறாள், நல்லதாய்ப் போயிற்று, தொல்லை விட்டது. நோய்க்குப் பயந்து ஊரே கதவடைத்த நாளிலிருந்து அவள் கேமராவைத் திறந்ததில்லை. சன்னலை மூடி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, துவைக்காத போர்வையின் புளித்த வாடைக்குள், சூடேறிய லேப்டாப் உஸ்ஸென்று இரைவதைக் கேட்டபடி படுத்திருப்பாள். பகலா இரவா என்பதே அம்மா சாப்பிடக் கூப்பிடும்போதுதான் தெரியும்.

அந்தக் குரல் தினமும் வந்தது. பிறகு கேள்விகளுக்குப் பதில் சொன்னது. ஜோக்கடித்தது. வகுப்பே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, சத்தம்தான் வரவில்லை.

அன்று மதியம் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "டீச்சர் போன் பண்ணாங்க. கிளாஸ்ல வாய் ஓயாம பேசுறியாமே! வீட்டுல மட்டும் என்னடி, வாயில பூட்டா போட்டிருக்கு?" அம்மாவின் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அது நான் இல்லம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது. கடைசியாக எப்போது பேசினோம்? நினைவில்லை. இப்படியே கிடந்தால் தன் குரல் இனித் தனக்குக் கிடைக்காது என்று பயந்து போனாள்.

மறுநாள் எழுந்து, லேப்டாப்பை மேசையில் வைத்து உட்கார்ந்தாள். கேமராவைத் திறந்தாள். மைக்கையும். பெயர் வந்ததும் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னாள்.

"உள்ளேன் டீச்சர்."

கரகரவென்று ஒன்று. தெளிவாக இன்னொன்று.

"என்னம்மா, உன் குரல் ரெண்டா கேக்குது? எக்கோ அடிக்குது," என்றார் டீச்சர். "இரு, அந்தக் கரகரப்பை மியூட் பண்றேன்."

வேணாம் டீச்சர்!

கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை. மேசையை ஓங்கி அறைந்தாள். கை வலித்தது. சத்தமில்லை.

கதவுக்கு வெளியே அம்மா. "ஏய், உள்ளதான் இருக்கியா? சாப்பிட வாயேன்."

"உள்ளேன் அம்மா!"

ஹெட்போனில் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால்.

"அடி என் தங்கமே!" அம்மா சிரித்தாள். "எவ்வளவு நாளாச்சு இந்தக் குரலைக் கேட்டு!"

கதவு திறந்தது. மூடியது. வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். இரண்டு பேர் பேசிச் சிரிக்கும் சத்தம்.

திரையில் அவளுடைய சின்னக் கட்டம். அதில் அவள், வாயை அகலத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூலையில், குறுக்கே கோடு போட்ட சிவப்பு மைக்.